பூவார் முஸ்லிம்களுக்கும் துருக்கிக்கும் என்ன தொடர்பு? 'துலுக்கர்' என்ற சொல் வந்த வழி

2025 மே மாதம் இந்தியாவில் 'துருக்கி' என்ற பெயர் திடீரென்று கெட்ட வார்த்தை ஆனது. ஆபரேஷன் சிந்தூரின்போது பாகிஸ்தான் பக்கம் துருக்கி நின்றதால், துருக்கி ஆப்பிளை இனி வாங்க மாட்டோம் என்று வியாபாரிகள் அறிவித்தார்கள். சுற்றுலா முன்பதிவுகள் ரத்தாயின. சென்னை, கொச்சி, கண்ணூர் உட்பட ஒன்பது விமான நிலையங்களில் வேலை பார்த்துவந்த செலெபி என்ற துருக்கி நிறுவனத்தின் பாதுகாப்பு அனுமதியை மே 15 அன்று மத்திய அரசு ரத்து செய்தது.

கேரளத்தில் கூடவே இன்னொரு சண்டையும் வந்தது. 2023 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு துருக்கிக்கு 10 கோடி ரூபாய் உதவி அறிவித்த மாநில அரசை, திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர் விமர்சித்தார். மத்திய அரசும்தானே அப்போது 'ஆபரேஷன் தோஸ்த்' என்று பெயர் வைத்து மீட்புப் படையையும் ராணுவ மருத்துவமனையையும் அனுப்பியது என்று இடதுசாரிகள் திருப்பிக் கேட்டார்கள்.

அந்த எம்.பி. தொகுதியின் தெற்கு ஓரத்தில், திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில், நெய்யாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது பூவார். கொஞ்ச தூரம் தெற்கே போனால் தமிழ்நாட்டு எல்லை. பள்ளிவாசல், தேவாலயம், கோயில் மூன்றும் பக்கம் பக்கமாக உள்ள கடற்கரை. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் பேசுகிற மலையாளத்தில் தமிழும், தமிழில் மலையாளமும் கலந்தே இருக்கும். 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்ற பேச்சே கிடையாது. கன்னியாகுமரி வரை எல்லாம் ஒரே திருவிதாங்கூர்.

இந்த இரண்டு மொழிகளிலும் முஸ்லிமைக் குறிக்க ஒரு பழைய சொல் உண்டு: துலுக்கன். அப்படியே எடுத்துக்கொண்டால் 'துருக்கிக்காரன்' என்று அர்த்தம். துருக்கி மீது கோபம் வரும்போதெல்லாம் இந்தச் சொல்லும் சமூக ஊடகங்களில் வசையாகத் திரும்பி வருகிறது.

அப்படியானால் பூவாரிலோ, தேங்காய்ப்பட்டினத்திலோ, காயல்பட்டினத்திலோ இருக்கிற முஸ்லிம்கள் துருக்கியிலிருந்து வந்தவர்களா? இல்லை. அப்புறம் ஏன் இந்தப் பெயர்?

துருக்கிக்கே துருக்கியர் வந்தது எப்போது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். துருக்கி என்ற நாடும் துருக்கியர் என்ற இனமும் ஒரே இடத்தில் பிறந்தவை இல்லை. துருக்கிய மொழிகளைப் பேசிய மக்களின் பூர்வீகம் மத்திய ஆசியப் புல்வெளிகள். குதிரை வளர்ப்பவர்கள், வில்லாளிகள். இன்றைய துருக்கி இருக்கும் அனத்தோலியா நிலம் அப்போது கிரேக்க மொழி பேசிய பைசாந்தியப் பேரரசிடம் இருந்தது. 1071-இல் மான்சிகர்ட் என்ற இடத்தில் பைசாந்தியப் பேரரசரை செல்ஜுக் துருக்கியர் தோற்கடித்த பிறகுதான் அந்த மண்ணில் துருக்கியர் பெருமளவில் குடியேறினார்கள். 1453-இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார். அதுதான் இன்றைய இஸ்தான்புல். முஸ்தஃபா கெமால் தலைமையில் குடியரசு பிறந்தது 1923 அக்டோபர் 29 அன்று.

இந்த ஆண்டுகளைக் கொல்லத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூவாருக்கு வடக்கே, அதே கடற்கரையில் உள்ள கொல்லத்தில், வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் கி.பி. 849-இல் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்தார். தரிசாப்பள்ளிச் செப்பேடு என்று பெயர். அதில் சாட்சிக் கையெழுத்துகள் அரபியின் கூஃபி எழுத்திலும், பஹ்லவியிலும், ஹீப்ரு எழுத்திலும் இருக்கின்றன. அரபி எழுத்தில் கையெழுத்துப் போட்ட முஸ்லிம் வணிகர்கள் அப்போதே இங்கே மரியாதைப்பட்ட ஆட்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை.

அதாவது, கொல்லத்தில் முஸ்லிம் வணிகர் கையெழுத்துப் போட்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் துருக்கியே துருக்கியர் நாடாக மாறத் தொடங்கியது.

பழைய பெயர் சோனகர்

கடல் வழியாக வந்த இந்த முஸ்லிம்களுக்குத் தமிழில் முதலில் வழங்கிய பெயர் துலுக்கர் இல்லை; சோனகர். மலையாளத்தில் ஜோனகர். தஞ்சைப் பெரிய கோயிலின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் 'சோனகன் சாவூர்' என்று ஒருவர் பெயர் வருகிறது. சோழர் காலத்திலேயே சோனகர் என்பது ஊர் அறிந்த சொல்.

இந்தச் சொல்லின் வேர்தான் வேடிக்கையானது. சோனகர் என்பது 'யவனர்' என்ற சொல்லின் வழி வந்தது. சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு யவனர் தெரியும். முசிறிக்குப் பொன்னோடு கப்பலில் வந்து மிளகோடு திரும்பியவர்கள் என்று அகநானூறு காட்டுகிற ஆட்கள். கிரேக்கரையும் ரோமானியப் பேரரசின் வணிகரையும் அப்படி அழைத்தார்கள். பிற்காலத்தில் அதே கடல் வழியில் அரேபியர் வந்தபோது, பெயர் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மேற்கிலிருந்து கப்பலில் வருகிறவர் யாரானாலும் யவனர்தான்!

சரி, யவனர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? கிரேக்க உலகின் கிழக்குக் கரையில் இருந்த அயோனியா என்ற பகுதியிலிருந்து. பாரசீகர்கள் அந்தப் பகுதியின் பெயரால் எல்லா கிரேக்கரையும் 'யௌனா' என்றார்கள். சமஸ்கிருதத்தில் 'யவன' ஆனது. அரபியில் 'யூனான்'. நம்ம ஊர் சித்த மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே 'யுனானி' என்று பலகை தொங்குகிறதே, அந்தச் சொல்லும் இதேதான். கிரேக்க மருத்துவம் என்று பொருள்.

அயோனியா இப்போது எந்த நாட்டில் இருக்கிறது? துருக்கியில். எபேசஸ், மிலேட்டஸ், பழைய ஸ்மிர்னா எல்லாமே துருக்கியின் மேற்குக் கரை. ஸ்மிர்னாவின் இன்றைய பெயர் இஸ்மீர். துருக்கியர்களும் கிரீஸ் நாட்டை இன்றைக்கும் 'யூனானிஸ்தான்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆக, நம் கடற்கரை முஸ்லிம்களின் பழைய பெயருக்குள் துருக்கி மண்ணில் உள்ள ஓர் ஊர்ப்பகுதியின் பெயர் இருக்கிறது. ஆனால் அது துருக்கியர் வருவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்திய பெயர். அதைச் சுமந்தவர்கள் கிரேக்கர். அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள் அரேபியர். கடைசியில் அதோடு நின்றவர்கள் தமிழும் மலையாளமும் பேசுகிற, இந்த மண்ணிலேயே பிறந்த மக்கள்.

துலுக்கர் வந்தது நிலத்தின் வழி

துலுக்கர் என்ற சொல்லின் பாதையே வேறு. சமஸ்கிருதத்தில் 'துருஷ்க' என்று மத்திய ஆசியர்களைக் குறிப்பிட்டார்கள். 12-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரில் ராஜதரங்கிணி எழுதிய கல்ஹணர், கனிஷ்கர் உள்ளிட்ட குஷாண அரசர்களைக்கூட துருஷ்கர் என்கிறார். அவர்கள் முஸ்லிம்களே இல்லை. புத்த மதத்தை ஆதரித்த அரசர்கள். அப்போது அந்தச் சொல்லுக்கு மதம் கிடையாது. வடமேற்கிலிருந்து குதிரையில் வருகிறவர் என்பதுதான் பொருள்.

தமிழகத்துக்குள் அந்தச் சொல் ஆழமாகப் பதிந்தது 14-ஆம் நூற்றாண்டில். 1311-இல் டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் பாண்டிய நாடு வரை படையெடுத்து வந்தார். பிறகு துக்ளக் ஆட்சி. அதன்பின் மதுரையில் தனியாக ஒரு சுல்தானகம், சுமார் 40 ஆண்டுகள். டெல்லி ஆட்சியாளர்கள் துருக்கிய வம்சாவளியினர். ஆகவே அவர்கள் படைக்கு 'துருக்கர் படை' என்று பேர். ரகரம் லகரமாகி துலுக்கர்.

விஜயநகர அரசர்கள் தமிழ்க் கல்வெட்டுகளில் 'துலுக்கர் தளவிபாடன்' என்று பட்டம் போட்டுக்கொண்டார்கள். துலுக்கர் சேனையை அழித்தவன் என்று பொருள். 'ஒட்டியர் தளவிபாடன்' என்பதும் கூடவே வரும். ஒரிசாக்காரர் படையை அழித்தவன். கவனித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வரிசை: எதிரிச் சேனைகளின் பட்டியல். கடற்கரையில் முத்தும் குதிரையும் விற்றுக்கொண்டிருந்த சோனகர் இந்தப் பட்டியலில் இல்லை. இன்னொரு விஷயம், இதே விஜயநகர அரசர்கள் 'இந்துராய சுரத்ராண' என்றும் பட்டம் வைத்திருந்தார்கள். சுரத்ராண என்றால் சுல்தான். இந்து அரசர்களில் சுல்தான்! எதிரியின் பதவிப் பெயரைப் பெருமையாக எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் படையெடுப்பின் நினைவு எப்படியெல்லாம் உருமாறியது என்பதற்கு ஸ்ரீரங்கம் போனால் போதும். அரங்கநாதர் கோயிலில் துலுக்க நாச்சியார் சன்னதி இருக்கிறது. டெல்லி சுல்தான் கொண்டுபோன பெருமாள் திருமேனி மீது அவர் மகளுக்குக் காதல் வந்துவிட்டது; திருமேனியை மீட்டு வந்தபோது பின்னாலேயே வந்த இளவரசி பெருமாளோடு கலந்துவிட்டாள் என்பது கதை. அங்கே சிலை கிடையாது, சுவரில் ஓவியம்தான். பெருமாளுக்குக் கைலி உடுத்தி, ரொட்டி நைவேத்தியம் செய்யும் வழக்கம் அவளுக்காகத்தான். கர்நாடகத்தின் மேல்கோட்டையிலும் இதே கதை, பீபி நாச்சியார் என்ற பெயரில்.

சென்னைப் பக்கம் துலுக்காணம் என்று இந்துக்கள் பெயர் வைப்பார்கள். துலுக்காணத்தம்மன் என்று அம்மனே உண்டு. வசைச் சொல் என்றால் சாமிக்கு யார் வைப்பார்கள்?

சொல் எப்போது எல்லை தாண்டியது என்று ஒரு தேதி குறிக்க முடியாது. படையைக் குறித்த பெயர் மெல்ல மெல்ல மதத்துக்கு ஆகுபெயராகி, கடைசியில் கடற்கரைச் சோனகர் தலையிலும் வந்து உட்கார்ந்தது.

இரண்டு வழியில் வந்தவர்களை இன்றைக்கும் அடையாளம் காண முடியுமா?

ஓரளவுக்கு முடியும். தொழுகை முறையிலேயே அந்தத் தடம் இருக்கிறது.

சன்னி முஸ்லிம்களிடம் நான்கு சட்டப் பள்ளிகள் உண்டு. மத்ஹப் என்பார்கள். துருக்கியரும் டெல்லி சுல்தான்களும் பின்பற்றியது ஹனஃபி பள்ளி. வட இந்திய முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபி. கேரளக் கடற்கரையிலும், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழ்க் கடற்கரை ஊர்களிலும் நடப்பது ஷாஃபி பள்ளி. ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியா என்று இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள கரைகளிலெல்லாம் ஷாஃபிதான் அதிகம். பருவக்காற்றில் கப்பல் போன வழியை வரைபடத்தில் போட்டால் ஷாஃபி ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். அந்தக் கோட்டில்தான் மரைக்காயர் ஊர்களும் இருக்கின்றன. மரைக்காயர் என்ற பெயரையே மரக்கலத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள்.

தமிழ் முஸ்லிம்களில் ஹனஃபி பள்ளியைப் பின்பற்றும் பெரிய பிரிவு ராவுத்தர். உள்நாட்டுச் சமூகம். குதிரைப் படையோடும் குதிரை வணிகத்தோடும் தொடர்புடையவர்கள். தங்கள் முன்னோர் துருக்கியர் என்ற மரபு அவர்களிடம் உண்டு. ஆனால் 'ராவுத்தர்' என்ற சொல் துருக்கியச் சொல் இல்லை. குதிரை வீரனுக்கு இந்திய மொழிகளில் வழங்கிய சொல். அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்று அழைத்திருக்கிறார். மயிலைக் குதிரையாக ஓட்டுகிறவன் என்ற பொருளில்.

பூவாருக்கு வருவோம். இந்த ஊரில் சொல்லப்படும் கதை ஒன்றிருக்கிறது. பின்னாளில் திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729–1758), எட்டுவீட்டில் பிள்ளைமாரிடமிருந்து தப்பி ஒளிந்து திரிந்த காலத்தில், பூவாரில் போக்கு மூசா மரைக்கார் என்ற வணிகர் அடைக்கலம் கொடுத்தார் என்று. ஆற்றில் பூக்கள் மிதந்து வந்ததைப் பார்த்து ஊருக்குப் பூவார் என்று பெயர் வைத்ததே அந்த அரசர்தான் என்பாரும் உண்டு. பெயர்க் கதைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஊர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதைக் கதை சொல்லிவிடும். இந்தக் கதையில் முஸ்லிம் வெளியிலிருந்து வந்தவர் இல்லை. வீட்டுக்காரர். அடைக்கலம் தேடி வருகிறவர்தான் அரசர்.

பூவாருக்குத் தெற்கே அதே கரையில் உள்ள தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்தவர் தோப்பில் முஹம்மது மீரான். 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். மலையாளமும் அரபியும் கலந்த அவருடைய தமிழைப் படித்தால், இந்தக் கடற்கரை வீடுகளில் பேசுகிற பாஷை எது என்பது காதில் கேட்கும்.

நிஜத் துருக்கியச் சொற்கள் எங்கே இருக்கின்றன?

எல்லோர் வாயிலும் இருக்கின்றன. யாருக்கும் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

துப்பாக்கி. 11-ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கிய அகராதியிலேயே இதன் மூலச் சொல் இருக்கிறது, குருவி அடிக்கிற ஊதுகுழல் என்ற பொருளில். வெடிமருந்து வந்ததும் 'துஃபெக்' என்று துருக்கியிலும், 'துஃபங்' என்று பாரசீகத்திலும் ஆகி, தெலுங்கு, கன்னடம் வழியாக நம்மிடம் துப்பாக்கி.

குருமா. எண்ணெயில் வதக்கிய இறைச்சிக்குத் துருக்கியில் 'கவுர்மா'. உருதுவில் கோர்மா. பரோட்டாவோடு வரும் வெஜிடபிள் குருமாவில் துருக்கியர் யாரும் தங்கள் கவுர்மாவைக் கண்டுபிடிக்க முடியாது. நம்ம தேங்காயும் சோம்பும் அதை அடியோடு மாற்றிவிட்டன. கொத்துக்கறிக்குச் சொல்கிற கைமாவும் அங்கிருந்து வந்ததுதான். 'கிய்மா' என்றால் பொடியாக நறுக்கியது. பேகம், கான், பகதூர் மூன்றும் துருக்கிய, மங்கோலியப் பட்டங்கள். ஆங்கிலேயர் நீதிக்கட்சிக்காரர்களுக்கு அள்ளிக் கொடுத்த 'ராவ் பகதூர்' பட்டத்தில் பாதி புல்வெளிச் சொல். உருது என்ற மொழிப் பெயரே 'ஓர்து' என்ற துருக்கியச் சொல்தான். படை முகாம் என்று பொருள்.

இதற்கு நேர்மாறாக, 'துலுக்க' என்று முன்னொட்டுப் போட்ட பொருள்களைப் பாருங்கள். துலுக்கச் செவ்வந்தி, சில ஊர்களில் துலுக்கச் சாமந்தி. மாலைக்கடையில் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் குவிந்திருக்கிற அந்தப் பூ மெக்சிகோவிலிருந்து வந்தது. துருக்கிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புதிதாக வந்த செவ்வந்தி, அவ்வளவுதான் அர்த்தம்.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் இல்லை. நாம் வான்கோழி என்கிற பறவைக்கு ஆங்கிலத்தில் 'டர்க்கி'. அதுவும் மெக்சிகோ பக்கத்துப் பறவைதான். துருக்கியர்கள் அதை என்ன சொல்கிறார்கள் தெரியுமா? 'ஹிந்தி'. இந்தியாவிலிருந்து வந்தது என்று! டச்சுக்காரர்கள் 'கல்கூன்' என்கிறார்கள். அது கள்ளிக்கோட்டையின் பெயர், நம்ம கோழிக்கோடு. ஊர் தெரியாத பொருளுக்கு ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த தூரத்து ஊரின் பெயரை வைத்தார்கள். ஆங்கிலத்தில் தங்கள் நாட்டின் பெயரும் ஒரு பறவையின் பெயரும் ஒன்றாக இருப்பது துருக்கிக்குப் பல காலமாகவே சங்கடம். 2022 ஜூனில் ஐ.நா. ஏற்றுக்கொண்டபடி, அதிகாரப்பூர்வமாக இப்போது அந்நாட்டின் பெயர் 'துருக்கியே'.

ஒட்டோமான் உதவியை இந்தக் கரை எதிர்பார்த்ததா?

எதிர்பார்த்தது. பெரும்பாலும் ஏமாந்தது.

உதுமானியர் என்று தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் ஒட்டோமான்கள் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தபோது, அவர்களை இங்கே யாரும் துலுக்கர் என்று சொல்லவில்லை. 'ரூமி' என்றார்கள். ரோமப் பேரரசின் பழைய நிலத்திலிருந்து வருகிறவர்கள் என்பதால். கொன்யாவில் வாழ்ந்த கவிஞர் ஜலாலுதீன் ரூமிக்கும் அதனால்தான் அந்தப் பெயர். இஸ்தான்புல் அரண்மனைக்காரர்களும் தங்களைத் துருக்கியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் அவர்களுக்குத் 'துருக்கன்' என்றால் பட்டிக்காட்டான். அவர்கள் ஒஸ்மான்லி.

1538 பிப்ரவரியில் கோழிக்கோட்டு சாமூதிரியின் கப்பல் தலைவர்களில் ஒருவரான பட்டு மரைக்கார் பெரிய படகுக் கூட்டத்தோடு கன்னியாகுமரியைச் சுற்றிக் கிழக்கே போனார். பூவார் வழியாகத்தான் போயிருக்க வேண்டும், வேறு வழியில்லை. மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் போர்ச்சுக்கீசியர் அவரைத் தோற்கடித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சுலைமான் பாஷா தலைமையில் ஒட்டோமான் கப்பற்படை குஜராத்தின் டையூ கோட்டையை முற்றுகையிட்டது. இரண்டு மாதத்தில் கோட்டையைப் பிடிக்காமலே திரும்பிப் போனது. மலபார்க் கரைக்கு உதவிக்கு வரவே இல்லை.

அடுத்து திப்பு சுல்தான். 1786-இல் அவர் அனுப்பிய பெரிய தூதுக்குழு மறு ஆண்டு இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தது. வழியிலும் அங்கேயும் நோயில் பலர் செத்தார்கள். படை உதவி கிடைக்கவில்லை. 1798-இல் சுல்தான் மூன்றாம் செலிம் திப்புவுக்குக் கடிதம் எழுதினார். என்ன எழுதினார்? பிரெஞ்சுக்காரர்களை நம்பாதே, ஆங்கிலேயரோடு சமாதானமாகப் போ என்று. அந்தக் கடிதம் திப்புவின் கைக்கு வந்ததே ஆங்கிலேயர் மூலமாகத்தான். எகிப்தில் நெப்போலியன் இறங்கியிருந்த நேரம். ஒட்டோமானுக்கு ஆங்கிலேயர் தேவைப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு கொல்லப்பட்டார். மத ஒற்றுமை இருந்தால் அரசியல் ஒற்றுமையும் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, கிலாஃபத் இயக்கம். முதல் உலகப்போரில் ஒட்டோமான் தோற்றது. 1919 மே மாதம் கிரேக்கப் படை ஸ்மிர்னாவில் இறங்கியது. உலக முஸ்லிம்களின் தலைவர் என்று கருதப்பட்ட கலீஃபாவின் பதவிக்கே ஆபத்து என்று இந்தியா முழுக்கக் கொந்தளிப்பு. காந்தி அதைச் சுதந்திரப் போராட்டத்தோடு சேர்த்தார். 1920 ஆகஸ்டில் ஷௌக்கத் அலியோடு சென்னைக்கு வந்து பேசினார். 18-ஆம் தேதி கோழிக்கோட்டில் பேசினார். சென்னையின் கிலாஃபத் தலைவர் யாகூப் ஹசன் சேட் 1921 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் கைதானார். அந்த ஆண்டு ஆகஸ்டில் மலபார் கிளர்ச்சி வெடித்தது.

ஸ்மிர்னா நிதி, அங்காரா நிதி என்று இந்திய முஸ்லிம்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள். (அயோனியாவின் துறைமுகத்துக்கு, சோனகர் உள்பட.) பணம் முஸ்தஃபா கெமால் கைக்குப் போனது. அவர் 1924 மார்ச் 3 அன்று கலீஃபா பதவியையே ஒழித்துவிட்டார். எதைக் காப்பாற்ற இங்கே ஆட்கள் சிறைக்குப் போனார்களோ, அதை. அதே ஆண்டு ஆகஸ்ட் 26-இல் அங்காராவில் தொடங்கிய இஷ் வங்கிக்கு, இந்தியாவிலிருந்து வந்த பணத்தில் மீதமிருந்தது முதலீடாகப் போனது. இன்றைக்கும் துருக்கியின் பெரிய வங்கிகளில் ஒன்று அது.

தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு விதமான எதிரொலி. கிலாஃபத்துக்காக அழுதவர்கள் வீடுகளிலேயே பிள்ளைகளுக்கு 'கமால் பாட்சா' என்று பெயர் வைத்தார்கள். சுயமரியாதைக்காரர்களுக்கோ, மதத் தலைமையைத் தூக்கி எறிந்து 1928-இல் அரபி எழுத்தைவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிய துருக்கி ஒரு முன்மாதிரி. 1931–32 உலகப் பயணத்தில் பெரியார் போன நாடுகளில் துருக்கியும் ஒன்று. 1935-இல் குடி அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு மாறியது.

அந்தச் சிவப்புத் தொப்பி

சிவப்பு நிறம், தட்டையான உச்சி, கறுப்புக் குஞ்சம். துருக்கித் தொப்பி. கல்யாணப் புகைப்படங்களில் மாப்பிள்ளை தலையில் இருக்கும். கீரனூர் ஜாகிர்ராஜாவின் நாவலுக்கே 'துருக்கித் தொப்பி' என்றுதான் பெயர்.

சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1829-இல் அரசு ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கிய தொப்பி அது. ஆளுக்கொரு தலைப்பாகை கட்டி மதமும் பதவியும் காட்டுகிற வழக்கத்தை ஒழிப்பதற்காக. நவீனத்தின் அடையாளம். 1925 நவம்பரில் அதே நவீனத்தின் பேரால் கெமால் அதைத் தடை செய்தார். தடையை எதிர்த்தவர்களில் தூக்குத் தண்டனை பெற்றவர்களும் உண்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் அதைப் போட்டார்கள். துருக்கியில் போட்டால் ஜெயில், இங்கே போட்டால் கல்யாண மாப்பிள்ளை.

இப்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

'துலுக்கர்' என்பதைப் பழைய கல்வெட்டையோ, கோயில் மரபையோ, பூவின் பெயரையோ பேசும்போது அப்படியே எழுதலாம். அது வரலாற்றுச் சொல். ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவரைப் பார்த்துச் சொன்னால் இன்றைக்கு அது இழிசொல். 'நீ இந்த ஊர்க்காரன் இல்லை' என்று அதற்குள் ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது. முஸ்லிம், இஸ்லாமியர் என்பதே செய்திகளில் வழக்கம். சமூகத்தைக் குறிப்பிட வேண்டியிருந்தால் அவர்களே சொல்லிக்கொள்ளும் பெயர்கள் இருக்கின்றன: மரைக்காயர், லெப்பை, ராவுத்தர், மாப்பிளா.

'சோனகர்' என்ற பெயர் தமிழ்நாட்டில் தெருப் பெயராகச் சுருங்கிவிட்டது. கடல் தாண்டி இலங்கையில் மட்டும் அது இன்னும் அரசாங்கப் பெயர். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ் பேசும் முஸ்லிம்களின் இனம் என்ற இடத்தில் 'இலங்கைச் சோனகர்' என்றே பதிவாகிறது.